அதிரடி நாயகனுக்குக் காதல் நகைச்சுவை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் திரைக்கதையைப் படித்தேன். அடிதடிப் படங்களில் பெயர் வாங்கியவரை ஒரு இலகுவான காதல் கதைக்குள் கொண்டுவரப் பார்க்கிறாய். ஆசை நல்ல ஆசை. ஆனால் இடைவேளைக்குள் மூன்று சண்டை வைத்திருக்கிறாய். ரசிகர்கள் ஏமாந்துவிடுவார்களோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எம்.ஜி.ஆரின் ‘அன்பே வா’வை இன்னொரு முறை பார். இந்தமுறை பாட்டுக்காக இல்லாமல், திரைக்கதைக்காகப் பார்.

1965இல் எம்.ஜி.ஆர். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் சாட்டை எடுத்தார், ‘ஆயிரத்தில் ஒருவ’னில் வாள் சுழற்றினார். 1966 ஜனவரி 14, பொங்கலன்று ‘அன்பே வா’ வந்தது. ஏவி.எம். அவரை வைத்து எடுத்த ஒரே படம் அது. தாய்ப்பாசத்தை நம்பிக் கதை நகரவில்லை, மிரட்டும் வில்லனும் இல்லை. வில்லன் வேடங்களுக்குப் பேர்போன அசோகன் இருக்கிறார், ஆனால் வழக்கமான அசோகனாக இல்லை. ராக் ஹட்சன் நடித்த 1961 ஹாலிவுட் படம் ‘கம் செப்டம்பர்’தான் கதைக்கு மூலம். இயக்குநர் ஏ.சி.திருலோகசந்தர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முக்கியமான விஷயம்: வீட்டுக்காரனே தன் வீட்டில் அந்நியனாக நிற்பது.

உனக்கு வேண்டிய சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஓய்வுக்காகத் தன் சிம்லா பங்களாவுக்கு வரும் கோடீஸ்வரர் ஜே.பி. (எம்.ஜி.ஆர்.), அங்கே வேறு குடும்பம் குடியிருப்பதைப் பார்த்து, தான் யாரென்று சொல்லாமல் சொந்த வீட்டிலேயே வாடகை கொடுத்துத் தங்குகிறார். அந்தக் குடும்பத்துப் பெண்ணான சரோஜாதேவி அவரை விரட்டுகிறார், மட்டம் தட்டுகிறார். தங்கள் தலைவனை ஒரு பெண் இப்படிப் பேசுவதைக் கொட்டகையில் இருந்தவர்கள் எப்படிப் பொறுத்தார்கள்? அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவர் தோற்கவில்லை, தோற்பதுபோல் விளையாடுகிறார். பலத்தைப் பிடுங்கிவிட்டால் ரசிகன் கோபப்படுவான். மறைத்து வைத்தால் அந்த ரகசியத்தில் அவனும் கூட்டாளி ஆகிவிடுவான். உன் கதையிலோ நாயகன் நிஜமாகவே வேலை இல்லாதவன், நாயகி நிஜமாகவே அவமானப்படுத்துகிறாள். அதனால்தான் சிரிப்பு வரவில்லை.

சண்டையையும் கவனி. ‘சிட்டிங் புல்’ என்ற மல்யுத்த வீரரை எம்.ஜி.ஆர். அலாக்காகத் தூக்குவார். பழிக்குப் பழி இல்லை, ரத்தம் இல்லை. உடல்வலுவை ரசிக்க வைக்கும் வேடிக்கை, அவ்வளவுதான். உன் மூன்றில் இரண்டை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஒன்றை இந்த மாதிரி மாற்று.

‘அன்பே வா’ வந்தபோது எம்.ஜி.ஆருக்கு 49 நிரம்ப மூன்று நாள் பாக்கி. சரோஜாதேவிக்கு அப்போதுதான் 28 முடிந்திருந்தது. அந்த இடைவெளியைப் படம் வசனத்தால் மூடப் பார்க்கவில்லை. வேகமான நடை, தொப்பி, கோட்டு, இளைஞர் கூட்டத்தோடு சரிக்குச் சரியான ஆட்டம் என்று உடலாலேயே மூடியது. உன் நாயகனுக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ‘நான் இன்னும் இளைஞன்’ என்று அவரைப் பேச வைத்திருக்கும் இடங்களை அடித்துவிடு.

எடிட்டரிடமும் இப்போதே பேசிவிடு. சண்டைப்படப் பழக்கத்தில் அவர் ஒவ்வொரு வரிக்கும் குளோசப்புக்குத் தாவுவார். வாய்ச்சண்டையில் இரண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் இருக்க வேண்டும். ஒருத்தி பேசும்போது மற்றவன் முகம் சுருங்குவதில்தான் சிரிப்பே இருக்கிறது. சிரிப்பு விழும் வரிக்குப் பிறகு ஒன்றிரண்டு விநாடி மூச்சு விடு, இல்லாவிட்டால் அடுத்த வசனம் கைதட்டலில் முங்கிவிடும். ஸ்லோமோஷன் நடையும் தீம் மியூசிக்கும் வேண்டவே வேண்டாம். அவை வந்தால் கூட்டம் அடிதடிக்குத் தயாராகிவிடும்.

நாகேஷைப் பார். முதலாளிக்குத் தெரியாமல் பங்களாவை வாடகைக்கு விட்ட வேலைக்காரர் அவர்தான். அவரை எடுத்துவிட்டால் கதையே இல்லை. உன் நகைச்சுவை நடிகரோ நாயகனுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார். எந்த முடிச்சும் அவர் கையில் இல்லை.

பிம்பம் என்பது லேசில் கழற்றி வைக்கக்கூடியது அல்ல என்பதும் உண்மை. ‘புதிய வானம்’ பாட்டில் வாலி ‘உதய சூரியன்’ என்று எழுத, அது அப்போது எம்.ஜி.ஆர். இருந்த தி.மு.க.வின் சின்னம் என்பதால் தணிக்கையில் ‘புதிய சூரியன்’ ஆனது. ஆகவே உன் நடிகரின் பழைய படங்களை மறைக்கப் பாடுபடாதே. அடிதடிப் படமான ‘முரட்டுக்காளை’ வந்த ஐந்தாவது மாதத்திலேயே, 1981 மே 1 அன்று, ரஜினியின் ‘தில்லு முல்லு’ வந்தது. ஒரே ஆள், மீசை இருந்தால் இந்திரன், இல்லாவிட்டால் அவன் தம்பி சந்திரன் என்று முதலாளியை ஏமாற்றுகிறான். அங்கேயும் ரகசியம் நமக்குத் தெரியும், முதலாளியான தேங்காய் சீனிவாசனுக்குத் தெரியாது.

கிளைமாக்ஸில் குடோனையும் கடத்தலையும் தூக்கிவிடு. ‘அன்பே வா’வைக் கடைசிவரை இழுத்துப் போவது இரண்டு பேரின் வீம்பு. உன் இருவருக்கும் அப்படி ஒரு வீம்பை முதல் இருபது நிமிடத்துக்குள் விதைத்துவிடு. அவன் எதை மறைக்கிறான், அவளுக்கு அது யார் மூலம் எப்போது தெரியவரும் என்ற இரண்டை மட்டும் முதலில் முடிவு செய்து, ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு. மற்றதைப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்