ஆபரேஷன் ஒன்றுதான் வழியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம் முடிந்த மறுநாளே, குழந்தை இன்னும் சரியாகப் பால் குடிக்கக்கூடப் பழகவில்லை, ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?’ என்று கேட்டுவிட்டார்கள். கருப்பைக்குள் வைத்தால் 10 ஆண்டுகள் தாங்கும் காப்பர் டி பற்றியோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு வயது 23.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நாட்டில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், காப்பர் டி போன்றவை வைத்தவர்கள் வெறும் 2.1 சதவீதம். கையில் தோலுக்கடியில் வைக்கும் தீக்குச்சி அளவு கருத்தடை இம்ப்ளான்ட், எத்தியோப்பியக் கிராமங்கள் வரை போய்விட்டது. இங்கும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது கிடைக்க வேண்டும். அப்புறம், வைக்கத் தெரிந்த நர்ஸுக்கு எடுக்கவும் தெரிய வேண்டும். ‘எடுத்துடுங்க’ என்று ஒரு பெண் வந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்