துண்டு வெட்டாத டொக்டர்மார்

மெல்பேர்ண்

அன்பின் குணம்,

உன்ர மெசேஜுகளுக்குக் கட்டைவிரலை மட்டும் காட்டிப்போட்டு ஒளிச்சுத் திரியிறன் எண்டு ஏசினியாம். பாலா சொன்னவன். ஏசு, உனக்கு உரிமை இருக்கு. நாங்கள் சுகம். மனுசிக்குத் தோள்மூட்டு, எனக்கு வழமையான பிரஷர்.

விசயத்துக்கு வாறன். ஓய்வெடுக்கிற வயசில புது வேலை ஒண்டுக்கு ஓமெண்டிட்டன், சம்பளம் இல்லாமல். இங்க அவுஸ்திரேலியாவில தடுப்பில இருக்கிற அகதிகளின்ர வைத்தியக் கோப்புகளைப் படிச்சு, இந்த ஆளுக்கு என்ன சிகிச்சை தேவை, இருக்கிற இடத்தில அது கிடைக்குமோ எண்டு கடிதம் எழுதிக் குடுக்கோணும். என்ர பழைய பட்டப்பேரைச் சொல்லி, "கட்டில் 14 அரசியலுக்கு வெளிக்கிட்டிட்டுது" எண்டு பாலாவோட சேர்ந்து சிரிப்பாய்.

அரசியலோ? 2021இல அந்த பிலோயலா ஊரிலயிருந்து பிடிச்சுக்கொண்டு போன தமிழ் அகதிக் குடும்பத்துச் சின்னவள் கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பில காய்ச்சலோட கிடந்து, இரத்தத்தில கிருமி ஏறி, பேர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில கொண்டு போனதைக் கேட்டிட்டு விடியப்புறம் போன் எடுத்துக் கத்தினது ஆர்?

அதுக்கு முதலே 2014இல, பப்புவா நியூகினியின்ர மானஸ் தீவில, அவுஸ்திரேலியா அகதிகளை அடைச்சு வைச்ச முகாமில, 24 வயது ஈரான் பெடியன் ஒருத்தன். காலில தொற்று, அது இரத்தத்தில ஏறுது. கிளினிக்கில ஏற்ற அன்டிபயோட்டிக் இல்லை, ஆளை ஏத்துங்கோ எண்டு டொக்டர் கேக்கிறார். கன்பராவில அனுமதி குடுக்கோணும். அனுமதி வர முந்தி அண்டைய விமானம் போட்டுது. பெடியன் செப்டெம்பர் 5ஆம் திகதி பிரிஸ்பேனில செத்தான். தடுத்திருக்கக் கூடிய சாவு எண்டு 2018இல மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார். உன்ர மாங்குளத்து வார்டில கரண்ட் போகும், தண்ணி நிக்கும். ஆனா அம்புலன்சில ஏத்த முதல் நோயாளிக்கு ஆரிட்டயாவது விசா கேட்டனியே?

அவன் செத்து அடுத்த வருசம் ஒரு சட்டம். இப்பிடியான முகாமில வேலை செய்யிறவை கண்டதை வெளியில சொன்னால் ரெண்டு வருசம் வரை மறியல். அது அமுலுக்கு வந்த 2015 யூலை 1ஆம் திகதியே, 40க்கு மேற்பட்ட டொக்டர்மார், நேர்ஸ்மார், ரீச்சர்மார் பேரைப் போட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதிச்சினம்: ஏலுமெண்டால் பிடியுங்கோ எண்டு. பிறகு டொக்டர்மார் வழக்கும் போட, 2016இல அரசாங்கமே மருத்துவத் தொழிலாளருக்கு விலக்கு அளிச்சுது.

எனக்கு ஆகப் பிடிச்சது பிரிஸ்பேன் சிறுவர் ஆஸ்பத்திரி. 2016 மாசி. மானஸ் மாதிரி இன்னொரு தடுப்புத் தீவான நவுறுவில சுடுதண்ணி பட்ட ஒரு வயதுப் பிள்ளை. காயம் மாறினால் என்ன செய்வம், துண்டு வெட்டி ஆஸ்பத்திரியால அனுப்புவம். அவை வெட்டேல்லை. பிள்ளை போறதுக்குப் பாதுகாப்பான வீடு இருக்கோணும், அதுமட்டும் வார்டிலதான் எண்டிட்டினம். கோஷமெல்லாம் வாசலில நிண்ட சனத்தின்ர. உள்ளுக்கு ஆக்கள் தங்கட வேலையைத்தான் செய்தவை. பிள்ளையை நவுறுவுக்கு அனுப்பேல்லை.

2019இல ரெண்டு டொக்டர்மார் எழுதினால் நோயாளியைத் தீவிலயிருந்து இங்க கொண்டு வரலாம் எண்டு சட்டமே வந்தது. கேரின் பெல்ப்ஸ், அவவும் டொக்டர், பாராளுமன்றத்தில நிண்டு பிடிச்சவ. 75க்கு 74 வாக்கு! மாசியில வந்த சட்டத்தை மார்கழியில தூக்கிப்போட்டினம். அதால வந்தவையிலயும் கனபேரை ஹோட்டல் அறையளில பூட்டி வைச்சினம். இதை எழுதேக்கயே எனக்குப் பிரஷர் ஏறுது.

அதுதான் என்ர பயமும். கோபம் கடிதத்துக்குள்ள வந்திடும். "பரிதாபமான நிலை" எண்டு ஒரு சொல் போட்டால் காணும், மற்றப்பக்க லோயர் "இவர் டொக்டரா, தொண்டரா?" எண்டு கேப்பான், உள்ளுக்க இருக்கிறவன்தான் நட்டப்படுவான். நீ அந்தக் காலத்தில எழுதின கேஸ் நோட்ஸ் மாதிரி எழுதோணும். அளவு, நேரம், மருந்து, குடுத்ததோ இல்லையோ. கல்லு மாதிரி எழுதுவாய், அம்மாவின்ர கடிதத்தையும் அப்பிடித்தான் எழுதினனி எண்டு செல்வி இப்பவும் சொல்லுவாள்.

உண்மையான கோப்பு ஒண்டும் காட்டேலாது. கற்பனையா ஒரு நோயாளிக்கு ஒரு கடிதம் எழுதி அடுத்த கிழமை அனுப்பிறன். சிவப்புப் பேனையை எடுத்துத் தயவு பாராமல் அடி.

அம்மாவின்ர முழங்கால் எக்ஸ்ரேயை அனுப்பு, இங்க ஒருத்தரிட்டக் காட்டலாம். பாலாவிட்டக் குடுத்து மட்டும் விடாத, போனமுறை நடந்தது தெரியும்தானே.

அன்புடன்,
சிவா