92உம் 95உம் கலந்தால் எஞ்சின் போய்விடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமாவிடம் ஒரு டொயோட்டா அக்வா இருக்கிறது. போன மாதம் பெற்றோல் செட்டில் நின்ற தம்பி ஒக்டேன் 92 பெற்றோலுக்குப் பதிலாக ஒக்டேன் 95 அடித்துவிட்டார். தாங்கியில் ஏற்கெனவே அரைவாசி 92 கிடந்தது. மாமா பதறிப்போய் நேரே கராஜுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர், இரண்டு ரகமும் கலந்தால் பிஸ்டன் போய்விடும், உடனே இறக்க வேண்டும் என்று சொல்லி, முழுத் தாங்கியையும் காலியாக்கி ஏழாயிரம் ரூபா கூலியும் வாங்கிவிட்டார். இறக்கிய பெற்றோல் திரும்பி வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் மனிதர். எனக்கு மனம் ஆறவேயில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

92உம் 95உம் எண்ணெயும் தண்ணீரும் போல பிரிந்து நிற்கும் பொருட்கள் அல்ல. இரண்டுமே பெற்றோல்தான், ஊற்றியதும் ஒன்றாகிவிடும். அக்வாவின் தாங்கி 36 லீற்றர் பிடிக்கும். 18 லீற்றர் 92, 18 லீற்றர் 95 என்று வைத்தால் கிட்டத்தட்ட 93.5 வரும், அவ்வளவுதான். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

ஒக்டேன் என்பது பெற்றோலின் சத்தையோ சுத்தத்தையோ காட்டும் எண் அல்ல. சிலிண்டருக்குள் அமுக்கும்போது, பிளக் தீப்பொறி போட்டபின் நெருப்பு ஒழுங்காகப் பரவுவதற்குள், மிச்சமிருக்கும் பெற்றோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. தாங்காவிட்டால் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டு ஆட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏசியும் போட்டு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பழைய காரில் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அதுதான் எஞ்சினைக் கெடுப்பது, கலப்பு அல்ல.

ஆகவே பார்க்க வேண்டியது உங்கள் காருக்குக் குறைந்தது எந்த எண் வேண்டும் என்பதை மட்டும்தான். மாமாவின் காரில் பெற்றோல் மூடிக்கு மேலுள்ள சின்னக் கதவைத் திறந்தேன். உட்புறத்தில் வெயிலில் மங்கிய ஒரு ஸ்டிக்கர், முழுக்க ஜப்பானிய எழுத்து. போன் கமராவைக் காட்டி மொழிபெயர்த்தால் "ஈயமற்ற ரெகுலர் பெற்றோல்" என்று வந்தது. ஜப்பானியத் தரப்படி ரெகுலர் என்று விற்க ஒக்டேன் 89 இருந்தாலே போதும். நாங்கள் அடிக்கும் 92 அதைவிடக் கூட. இத்தனை வருடமும் அந்த விடை கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டியிருந்தது, வாசிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் அங்கே 87 அடிக்கிறோம் என்று சொல்லி எல்லோரையும் குழப்பிவிட்டார். அங்கே இரண்டு வகைச் சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள், இங்கே ஒரு சோதனையின் எண்ணை மட்டும். அவர்களுடைய 87 ஏறக்குறைய எங்களுடைய 91, 92தான்.

95 கட்டாயம் என்று எழுதியிருக்கும் கார்களின் கதை வேறு, அதையும் சொல்லியாக வேண்டும். டர்போ பூட்டிய ஐரோப்பியக் கார்கள் பல அப்படித்தான். 92உடன் எந்த அளவில் கலந்தாலும் 95 வராது என்பதால், பாதிப் பாதி அடித்துக் காசு மிச்சம் பிடிக்கும் பழக்கம் அந்தக் கார்களுக்குச் சரிவராது. ஒருநாள் வழியில்லாமல் 92 அடித்துவிட்டால் பயப்பட வேண்டாம். புதிய எஞ்சின்களில் அந்தத் தகரப் பேணிச் சத்தத்தை உணரும் நொக் சென்சர் இருக்கிறது, அது தீப்பொறியைக் கொஞ்சம் பிந்தவைத்துச் சமாளிக்கும், இழுவை சற்றுக் குறையும். அக்சிலரேட்டரை அமத்தி மிதிக்காமல் ஓட்டி, இடம் வந்ததும் 95 அடித்தால் சரி.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். காலி வீதியில் இரவிரவாக வரிசையில் நின்று, பவுசரில் எது வந்ததோ அதை அடித்தோம். அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் வாங்கும் முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்போது யார் ரகம் பார்த்தது? நானே எத்தனையோ தரம் 92க்கு மேல் 95 அடித்தேன். அதே கார் இன்றைக்கும் வெள்ளவத்தையில் ஓடுகிறது.

தாங்கியை இறக்க வேண்டியது டீசலோ மண்ணெண்ணெயோ விழுந்தால்தான். அப்படி நடந்தால் ஸ்டார்ட் பண்ணாமலே தள்ளி ஓரமாக்கி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

ஜப்பானிலிருந்து கார் இறக்கி விற்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் சின்னக் கதவின் உட்புறத்தில், குறைந்தது எந்த ஒக்டேன் வேண்டும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிக் கொடுங்கள். ஒரு ஸ்டிக்கருக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06