கும்பகோணத்து நண்பருக்கு, செவ்வாய் குறித்து

திருப்பத்தூர்,
பிப்ரவரி 2025

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரன் வாங்கித் தந்த 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் செவ்வாய் வெறும் செம்புள்ளியாகத்தான் தெரிகிறது என்றும், கருவியைப் பரணில் ஏற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஏற்றிவிடாதீர்கள்.

செவ்வாய் கஞ்சத்தனமான கோள். கடந்த ஜனவரி 12 அன்று அது நமக்கு மிக நெருங்கி வந்தபோதும் இடையே சுமார் 9.6 கோடி கிலோமீட்டர் இருந்தது. 16 அன்று பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேர் எதிரே நின்றது; இதைத்தான் எதிர்நிலை என்கிறோம். அந்த நாள்களிலும் வானில் தெரிந்த அதன் விட்டம் 14.6 விகலைதான் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரிகிற அளவுக்கு அதைக் காண வேண்டுமானால் ஏறக்குறைய 127 மடங்கு பெருக்க வேண்டும். அதன் பாதை நன்றாகவே நீள்வட்டமாக இருப்பதால் எல்லா நெருக்கங்களும் ஒரே அளவில் அமைவதில்லை. 2003 ஆகஸ்டில் 5.58 கோடி கிலோமீட்டர் வரை வந்து, 25 விகலை விட்டத்துடன் நின்றது. இப்போது புனர்பூசத்தின் இரு விண்மீன்களுக்கு அருகே இருக்கும் செவ்வாயோ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே குறை உங்கள் கருவியிலோ கண்ணிலோ மட்டும் இல்லை.

எங்கள் வானியல் குழுவினர் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் கூடுகிறோம். மலைமேல் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்க, கீழே நாங்கள் ஆறு அங்குலக் கருவியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிப்பதுண்டு. ஆனால் கருவியின் அளவைவிடக் காற்றின் அமைதிதான் செவ்வாய்க்கு முக்கியம். நீங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் அந்தச் சூட்டை வெளியேற்றும்போது, அதன்மேல் காற்று அலைந்து பிம்பத்தைக் கலைத்துவிடும். கொல்லையில் மண்தரையில் வைத்துப் பாருங்கள். கருவியை அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள். கோள் உச்சியை நெருங்கும்வரை பொறுத்திருங்கள். அதன்பின் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்துவிடாமல் கால் மணி நேரம் கண்ணைப் பொருத்தியபடியே உட்கார்ந்திருந்தால், காற்று சட்டென்று அடங்கும் ஓரிரு நொடிகள் இடையிடையே வரும். செவ்வாயைப் பார்ப்பதென்பது அந்த நொடிகளில் பார்ப்பதுதான்.

குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் அச்சிட்ட தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவோம். கைபேசிச் செயலியைத் திறக்கக் கூடாது. அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்ததைப் பேசவும் கூடாது. எல்லோரும் வரைந்து முடித்த பிறகே தாள்களை அருகருகே வைத்து ஒப்பிடுவோம். பலருடைய படங்களில் பொதுவாக வருவது கீழ் விளிம்பில் உள்ள வெண்மை. எங்கள் கருவி தலைகீழாகக் காட்டுவதால் வடதுருவப் பனி அங்கே தெரிகிறது. 'சிர்டிஸ் மேஜர்' என்ற கரும்பகுதி நம் பக்கம் திரும்பியிருக்கும் இரவுகளில் அதையும் பெரும்பாலோர் வரைந்துவிடுவார்கள். 1659இல் டச்சு வானியலர் ஹைகன்ஸ் வரைந்ததும் இதே பகுதியைத்தான். தலைகீழ்ப் பிம்பத்தில் அது ஏறத்தாழ இந்திய வரைபடம்போல் கீழ்நோக்கிக் கூர்ந்து நிற்பதால், முதல்முறை வருபவர்களும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிடச் சுமார் 40 நிமிடம் நீண்டது. தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பவருக்கு நிலப்பரப்பு சிறிது சிறிதாகப் பின்வாங்கி, ஐந்து வாரத்துக்கு மேலான பிறகே பழைய முகம் மீண்டும் எதிரே வரும்.

இந்த விதி எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாக நம்பிய கதை நீங்கள் அறிந்ததுதான். 1877இல் இத்தாலிய வானியலர் ஸ்கியாபரெல்லி அதன்மேல் கோடுகளைக் கண்டார். 1894 முதல் லோவல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டாஃபில் அவற்றை வலைபோல் வரைந்து, அவை வெட்டப்பட்ட கால்வாய்கள் என்று நம்பி, அங்கே ஒரு நாகரிகத்தையே குடியேற்றினார். லோவலைக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதில்லை; யார் கண்ணும் அப்படி ஏமாறலாம். 1903இல் கிரீனிச் பள்ளிச் சிறுவர்களிடம் ஆங்கிலேய வானியலர் மாண்டர் ஒரு சோதனை நடத்தினார். ஒழுங்கற்ற புள்ளிகளும் நிழல்களும் மட்டுமே இருந்த வட்டங்களைத் தொலைவிலிருந்து பார்த்து வரையச் சொன்னபோது, அவர்களில் பலர் நேர்கோடுகளை வரைந்தார்கள். 1909இல் வானியலர் அந்தோனியாதி பாரிஸுக்கு அருகிலுள்ள மியூதோன் வானாய்வகத்தின் 83 சென்டிமீட்டர் கருவியில் பார்த்தபோதுதான் அக்கோடுகள் சிதறிய திட்டுகளாகப் பிரிந்தன.

சென்ற மாதம் எங்களிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரு கரும்பகுதிகளை இணைத்து மெல்லிய கோடு ஒன்றை வரைந்திருந்தார். வேறு எந்தத் தாளிலும் அது இல்லை. அழித்துவிடுங்கள் என்று இளைஞர்கள் சொன்னார்கள். அவர் அழிக்காமல், பக்கத்தில் 'உறுதியில்லை' என்று எழுதி நேரத்தையும் காற்றின் நிலையையும் குறித்துவைத்தார். குழுவின் ஏட்டில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரி 19 அன்று வருகிறது. விட்டம் இன்னும் குறைந்து 13.8 விகலையாகத்தான் இருக்கும்; பெரிய காட்சிக்கு 2035 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் 2027இல் செவ்வாய் மக விண்மீனுக்கு அருகே நிற்கும். மாசி மகத்தை ஒட்டிய நாள்கள் என்பதால் முழுநிலவும் பக்கத்திலேயே இருக்கும். செவ்வாயின் ஒளிக்கு அதனால் கேடில்லை. உங்கள் ஊரில் அது நடு இரவில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். திருவிழாச் சமயத்தில் நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பமாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே கருவியோடு நானே வருகிறேன். கொல்லையில் இடம் ஒதுக்கிவைத்து, பேரனுக்கும் சேர்த்து மூன்று தாள்களில் வட்டம் வரைந்துவையுங்கள். அதற்குள் உங்கள் 70 மில்லிமீட்டரில் பார்த்ததை வரைந்து அனுப்பினால், எங்கள் ஏட்டில் ஒட்டிவைப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய விடுதித் தோழன்