கொப்பியை லமினேட் பண்ண வேண்டாம்

வின்னிபெக்
16.03.2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

கடிதமும் பார்சலும் கிடைத்தன. மில்லடி அண்ணையின் மகள் ரொறன்ரோவிலிருந்து தபாலில் போட்டு, இங்கே வந்து சேர எட்டு நாள். அப்பா, உங்கள் எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, கோடு போடாத தாளிலும் நேராகத்தான் போகிறது. போனில் நான் கதைப்பது உங்களுக்கு வடிவாகக் கேட்பதில்லை, எழுதினால் திருப்பித் திருப்பி வாசிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. வேலை கூட என்று சொல்லித் தப்பலாம், ஆனால் அதுவல்ல காரணம். நல்ல செய்தி ஒன்று வரும், அதையும் சேர்த்து எழுதுவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செய்திக்கு முன் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

இங்கே பங்குனி நடுவிலும் பனி கிடக்கிறது. தையில் மைனஸ் 30க்கும் கீழே போனது. இந்த ஊரில் கார்களின் மூக்கிலிருந்து ஒரு வயர் தொங்கும். இரவில் அதைக் கரண்டில் செருகி எஞ்சினுக்குச் சூடு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கார் அசையாது. படுக்கப் போகுமுன் போய் அந்த வயரைச் செருகிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். அம்மா மாட்டைக் கட்டையில் கட்டிவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்ப்பாவே, அதேதான். இப்போது ஒரு காரை விற்றுவிட்டோம். இரண்டு கார் எதற்கு, பஸ் வாசலில் நிற்கிறது, நடந்தால் உடம்புக்கும் நல்லது. வீடும் மாறிவிட்டோம், கீழ்த்தள வீடு. பாதி நிலத்துக்குள் இருப்பதால் சூடு வெளியே போகாது. யன்னல் சின்னது, அதால் பார்த்தால் றோட்டில் போகிற ஆட்களின் சப்பாத்து மட்டும் தெரியும். சின்னவள் சப்பாத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாள்.

பக்கத்து வீட்டில் ஒரு உக்ரைன் கிழவி, எண்பது தாண்டியிருக்கும். நூறு வருடத்துக்கு முன்பே உக்ரைனிலிருந்து ஆட்கள் இந்த மாகாணத்துக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தார்களாம், எங்கள் கொலனிக்காரர் மாதிரி. விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தன் வாசல் பனியையும் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிட்டு, ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டி, நான் துப்புரவாக்கிய இடத்தில் ஏன் சப்பாத்தை உதறினீர்கள் என்று சண்டைக்கு நிற்பா. அன்று பின்னேரமே பெரோகி என்று ஒன்று கொண்டுவந்து தருவா. எங்கள் கொழுக்கட்டைதான், உள்ளே பயறுக்குப் பதில் உருளைக்கிழங்கு. நான் அதன் மேல் அம்மாவின் மிளகாய்த்தூளைத் தூவிக் கொடுத்தேன். மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தா. அடுத்த நாள் வெறும் போத்தலோடு வந்து நிற்கிறா, அந்தத் தூள் கொஞ்சம் தரட்டாம். மீன் பரவாயில்லை, இங்கேயும் குளத்து மீன் கிடைக்கிறது, பிக்கரல் என்பார்கள். ஆனால் இரணைமடு விரால் தின்ற வாய்க்கு அது மீனே இல்லை.

சரி, மாமி கேட்டதற்கு வருகிறேன். "உங்கட மகள் அங்கை லைப்ரேரியன் தானே, பேந்து என்ன வேலை தேடுறாள்?" மாமி கேட்டதில் பிழையில்லை. அங்கே கம்பஸில் உதவி நூலகர், சிரேஷ்ட உதவி நூலகர், பிரதி நூலகர் என்று ஏறிப் போனால் உச்சியில் ஒரேயொரு நூலகர். 'நூலகர்' என்றாலே தலைவர்தான். இங்கே முதுமாணி முடித்து வேலைக்கு வந்த எல்லோரும் லைப்ரேரியன். தலைவருக்கு யூனிவர்சிற்றி லைப்ரேரியன் என்று பெயர், சில இடங்களில் டீன் என்பார்கள். அவருக்குக் கீழே இணை நூலகர்கள். நான் தேடுவது இந்த இரண்டில் ஒன்று, சின்னக் கம்பஸ் ஆனாலும் பரவாயில்லை. உக்ரைன் கிழவிக்கும் இது தெரியும். கோட்டுப் போட்டுக்கொண்டு பெட்டியோடு போனதைக் கண்டுவிட்டா. "உனக்கு எதற்குப் பெரியவர் வேலை, பெரியவர்களை ஒருவருக்கும் பிடிக்காதே" என்றா. என்ன சொல்வது? அங்கே ஒன்பது வருடம், இங்கே ஒன்பது வருடம், யாரோ போட்ட கணக்குக்கு நான் இதழ்ச் சந்தா வெட்டியிருக்கிறேன், யாரோ எடுத்த முடிவுக்குப் புத்தகம் கழித்திருக்கிறேன். எதை வெட்டுவது, எதைத் தொடவே கூடாது என்று ஒரு தரமாவது நான் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். அப்படியே கலியாணப் பேச்சு. விளம்பரம் போடுவது பல நேரம் கம்பஸ் இல்லை, தரகர். ஆம், இந்த மாதிரி வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கவே கம்பனிகள் இருக்கின்றன. எங்கள் மோட்டர்சைக்கிள் தரகர் அண்ணையைப் போலத்தான், அந்தப் பக்கத்துக்கும் நல்லவர், எனக்கும் நல்லவர், ஆனால் காசு கொடுப்பது அந்தப் பக்கம். அவர்கள் ஒரு புத்தகம் அனுப்புவார்கள், கம்பஸைப் பற்றி, ஊரைப் பற்றி, ஏரியில் சூரியன் மறைகிற படத்தோடு. நாங்கள் சாதகம் அனுப்ப வேண்டும், என்னுடையது பதினெட்டுப் பக்கம். அதோடு மூன்று பக்கக் கடிதம், எங்களுக்காகக் கதைக்க நாலைந்து பேரின் பெயர். வேலை செய்கிற இடத்தில் வாய் திறக்கக் கூடாது. பிறகு சூமில் ஒரு மணி நேரம் பார்ப்பார்கள், பத்துப் பேர், பத்துச் சின்னப் பெட்டிக்குள்ளே. பிடித்தால்தான் நேரே கூப்பிடுவார்கள்.

கார்த்திகையில் ஒரு இடம் கூப்பிட்டது. கிழக்குக் கரையில், பெயர் வேண்டாம். பிளேன், ஹோட்டல் எல்லாம் அவர்கள் செலவு. இரண்டு நாள், அப்பா, காலைச் சாப்பாட்டிலிருந்து இரவுச் சாப்பாடு வரைக்கும் நேர்முகம். சூப்பை உறிஞ்சாமல் குடித்துக்கொண்டு உங்கள் தலைமைத்துவப் பாணி என்ன என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வந்து இருக்க, அடுத்த ஐந்து வருடத்துக்கு இந்த நூலகத்தை எங்கே கொண்டுபோவீர்கள் என்று அரை மணி நேரம் பேச வேண்டும். நான் எங்கள் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதனிலிருந்து தொடங்கினேன், 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகள், முதல் விதி நூல்கள் பயன்பாட்டுக்கே. முன்வரிசையில் ஒரு கிழவர் தலையாட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

துணைவேந்தருக்கு அடுத்தவர் காசைப் பற்றிக் கேட்டார். இதை உங்களுக்கு யூரியாவை வைத்துச் சொன்னால் விளங்கும். இங்கே நூலகக் காசில் பெரும்பகுதி புத்தகத்துக்குப் போவதில்லை, ஆய்விதழ்களின் சந்தாவுக்குப் போகிறது, அதில் அநேகம் அமெரிக்க டொலரில். கனடா டொலர் விழுந்தால், ஒருவரும் ஒரு சதம் வெட்டாமலே நூலகம் ஏழையாகிவிடும். 2022இல் அங்கே டொலர் 200இலிருந்து 360க்குப் போனபோது உங்களுக்கு உரத்தில் நடந்தது, எங்களுக்கு இதழில் நடக்கும். அதற்குமேல் 2024 தையில் அரசாங்கம் வெளிநாட்டு மாணவர் விசாவைக் குறைத்தது, அந்த வருடத்துக்குப் புதிதாகச் சுமார் 3,60,000 பேருக்குத்தான், முந்திய வருடத்தைவிட 35 வீதம் குறைவு. கம்பஸ்கள் பல அந்தப் பிள்ளைகளின் பீஸில்தான் ஓடின. நான் அதற்கு முன் விண்ணப்பித்த ஒரு இடம், பதவியை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டது.

இனி வருவதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம், அப்பா. கேட்டால் பக்கம் ஒட்டிவிட்டது என்று சொல்லுங்கள்.

அன்று பின்வரிசையிலிருந்து ஒரு பெடியன் எழும்பி, ஒரு நூலகத்தை இக்கட்டான காலத்தில் நடத்தியிருக்கிறீர்களா என்று கேட்டான். தயார் பண்ணிய பதில் ஒன்று இருந்தது, கொரோனாக் காலத்தைப் பற்றி. வாயில் வந்தது வேறு. ஊரில் நீங்கள் நடத்திய வாசிகசாலையின் கதையைச் சொன்னேன். 2009 தையில் வட்டக்கச்சியை விட்டு லான்மாஸ்டரில் வெளிக்கிடும்போது நீங்கள் அலுமாரியைத் திறந்து, எல்லாப் புத்தகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இரவல் கொப்பியை மட்டும் சாரத்துக்குள் செருகியதை. அம்மா ஏச, "உள்ளுக்கை கிடக்கிறது ஒரு இடத்திலைதான் கிடக்கு, எரிஞ்சால் எல்லாம் போச்சு. வெளியிலை போன 43 புத்தகமும் 43 வீட்டிலை இருக்கு, தேடலாம்" என்று சொன்னதை. 2010இல் திரும்பி வந்து, அலுமாரியும் இல்லை கூரையும் இல்லை என்றபோது, கொப்பியோடு வீடு வீடாகப் போய் 11 புத்தகம் திருப்பி எடுத்ததை. மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தா. நான் நன்றாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று இரவு ஹோட்டலில் நித்திரை வரவில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் கொப்பியைச் சந்தைக்குக் கொண்டுபோன மாதிரி இருந்தது. அப்போது நான் அங்கே இருக்கவும் இல்லையே, அப்பா. ஐந்து மாதம் உங்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாமல் வெளியில் இருந்தேன். நான் சொன்னதெல்லாம் தம்பி பிறகு சொன்னது. கதையில் இருந்தவர் நீங்கள், கை தட்டு எனக்கு. மூன்று கிழமைக்குப் பிறகு தரகர் போன் எடுத்து, எல்லோருக்கும் உங்களை மிகவும் பிடித்தது, ஆனால் கொடையாளரிடம் நிதி திரட்டிய அனுபவம் காணாது என்கிறார்கள் என்றார். கதைக்குக் கண்ணீர் விட்டவர்களும் அதற்கு ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இனி வாசிக்கலாம்.

இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. என் ஒப்பந்தம் ஆனி முடிய முடிகிறது, புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் வேறு இரண்டு இடத்துக்குப் போட்டிருக்கிறேன். இவருக்கு இரவு வேலை. அவர் வரும்போது நான் வெளிக்கிடுவேன், வாசலில் கண்டு சோறு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், வங்கிக்காரர் ஏதோ முறையை மாற்றியிருக்கிறார்களாம்.

பார்சலைப் பற்றிச் சொல்லவில்லையே. ஒடியல் மாவுக்குக் கூழ் காய்ச்ச நண்டு தேடவேண்டும். பனாட்டைச் சின்னவள் மணந்து பார்த்துவிட்டு ஓடிவிட்டாள், எல்லாம் எனக்குத்தான். மிளகாய்த்தூளை உதயன் பேப்பரில் சுற்றியிருந்தீர்கள். நான் அந்தப் பேப்பரை எறியாமல் மேசையில் விரித்து, கசங்கலைக் கையால் நீவி நீவி, சிறுபோக அறிவித்தல், நகைக்கடை விளம்பரம், எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அடுத்த பக்கம் மரண அறிவித்தல். மிளகாய்ச் சிவப்புக்குள்ளே எங்கள் வேலிக்கரை ஆச்சியின் படம்.

ஏன் ஒருவரும் சொல்லவில்லை? மார்கழியில் நடந்திருக்கிறது. தங்கச்சி ஒவ்வொரு கிழமையும் கதைக்கிறாள், கோழி குஞ்சு பொரித்ததைச் சொல்கிறாள், இதைச் சொல்லவில்லை. நான் அழுவேன் என்று மறைத்திருப்பீர்கள். அழுதேன்தான். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் உங்கள் கொப்பியில் அவவின் கைநாட்டு எத்தனை இடத்தில் இருக்கும்! புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவா, பள்ளிக்கூடத்தால் வந்த என்னைத் திண்ணையில் இருத்தி, பாலைப்பழம் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு, "வாசியடி பிள்ளை" என்பா. வாய் பிசின் பிடித்து உதடு ஒட்ட ஒட்ட வாசிப்பேன். நல்ல இடத்தில் நித்திரையாகிவிடுவா, நிறுத்தினால் முழித்துவிடுவா. இங்கே எனக்கு அப்படி ஒருவரும் இல்லை. சின்னவளுக்குத் தமிழில் வாசித்தால் இங்கிலிஷில் பதில் சொல்கிறாள். அவவின் அந்தியேட்டிக்கு என் பெயரில் ஏதும் கொடுத்தீர்களா? இல்லாவிட்டால் புளியம்பொக்கணைப் பொங்கலுக்குப் போகும்போது அவவின் பேரனிடம் ஐயாயிரம் கொடுங்கள், நான் பிறகு சேர்த்து அனுப்புகிறேன்.

அடுத்தது காணி. பெர்மிற்றில் பின்னுரித்துக்கு யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள், மூத்தவள் என்று என்னைப் போட அம்மாவுக்கு விருப்பம் போல. வேண்டாம், தம்பியைப் போடுங்கள். வயலில் இறங்குகிறவன் அவன்தான். நான் யோசித்துத்தான் சொல்கிறேன், கோபத்தில் இல்லை. ஆனால் கட்டார் போகிற கதையை அவன் முதலில் விடவேண்டும், அதை நான் அவனிடம் தனியாகக் கதைக்கிறேன். சின்னையா வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டதற்குச் சண்டைக்குப் போக வேண்டாம், விதானையாரைக் கூப்பிட்டு அளந்து எழுதி வையுங்கள். ஆனால் அவர் நீட்டுகிற ஒரு தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், அன்பாகக் கேட்டாலும். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுவதாக முடிவு? பங்கு குறைவாக வந்தால் குத்தகைக்கு எடுக்காமல் இருக்கிறதைச் செய்யுங்கள். அம்மாவின் கண்ணுக்குத் திகதி எடுத்தாயிற்றா என்று தங்கச்சியைச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, தம்பி பெர்மிற்றையும் உங்கள் கொப்பியையும் டவுனுக்குக் கொண்டுபோய் லமினேட் பண்ணப் போகிறானாம். இரண்டையும் விட வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்ற முடியாது, தாள் உள்ளேயே கெட்டுப்போகும். கொப்பியை வெயிலிலும் வைக்க வேண்டாம், மை வெளிறிவிடும். நிழலில் விரித்து, இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்து, இரும்புக் கிளிப் ஏதும் இருந்தால் கழற்றிவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள், நிலத்தில் முட்டாமல். அதற்கு முன் தங்கச்சி போனில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுக்கட்டும், விளக்கைப் போடாமல், பகலில், வாசல் வெளிச்சத்தில். ஆச்சியின் கைநாட்டு உள்ள பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அவ எடுத்த கடைசிப் புத்தகம் எது, அது திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

அன்பு மகள்