மஸ்கட்டில் ஓர் இரவு

அன்புள்ள சண்முகம்,

மல்லிகாவின் திருமணத்திற்கு நான் வராததற்காக நீ என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். மிச்சம் வைத்திருந்தால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. மணமக்களுக்கு என் ஆசிகள்.

முகூர்த்தத்திற்கு முந்தைய இரவு பஹ்ரைனிலிருந்து கிளம்பிய என் விமானம், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம், பிரேக் போன்றவற்றை இயக்கும் அமைப்பு) கோளாறு என்று சொல்லி ஒரு மணி நேரத்திலேயே மஸ்கட்டை நோக்கித் திரும்பியது. எனக்குப் பயத்தைவிடக் கோபமே மிகுதி. ஏதோ ஒரு விளக்கு எரிந்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று விமானியை மனத்துக்குள் வைதேன். இறங்கிப் பேருந்தில் ஏறும்போதுதான் பார்த்தேன்: சக்கரத்தின் கால் வழியே ஊதா நிறத்தில் எண்ணெய் வழிந்து தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது, ஒருவர் அதன்மேல் பழந்துணிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். என் வாய் அத்துடன் அடைத்துவிட்டது.

பதினேழு மணி நேரக் காத்திருப்பில் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்ததில், ஒரு கதை இன்னும் என்னை விடவில்லை. 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் பறந்த ஏர் டிரான்சாட் 236 விமானத்தின் வலது எஞ்சின், சில நாள்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. மாற்றாக வந்த எஞ்சின் சற்றுப் பழைய அமைப்பு. கழற்றியதிலிருந்த ஹைட்ராலிக் பம்பை அதில் மாட்டியபோது, அதன் குழாயும் எரிபொருள் குழாயும் உரசுமளவுக்கு நெருங்கிவிட்டன. தலைமை மெக்கானிக்கிற்கே ஐயம் எழுந்தது. எஞ்சின் நிறுவனத்தின் உரிய தொழில்நுட்பக் குறிப்பைக் கணினியில் திறக்க முடியவில்லை. வேலையை முடித்து அனுப்பிவிட்டார்கள். 'கொஞ்சம் நெம்பினால் உட்காரும்டா' என்று நம் பணிமனையில் ஒரு மகான் சொல்வாரே, அவரை நினைத்துக்கொண்டேன்.

அட்லாண்டிக்கின் மேல் எரிபொருள் குழாய் வெடிப்புக் கண்டது. அளவுகள் தாறுமாறாகக் காட்டவே, கணினிதான் பிழை செய்கிறது என்று விமானிகள் முதலில் ஐயுற்றார்கள். இருபக்க எரிபொருளைச் சமப்படுத்தும் வால்வைத் திறந்ததில், நல்ல தொட்டியிலிருந்ததும் ஒழுகும் பக்கத்திற்கே போய்ச் சேர்ந்தது. வலது எஞ்சின் அணைந்த பதின்மூன்றாம் நிமிடம் இடதும் அணைந்தது. அதன்பின் கேப்டன் ராபர்ட் பிஷே ஏறத்தாழ பத்தொன்பது நிமிடம் எஞ்சினே இல்லாமல் சறுக்கிக்கொண்டு வந்து, அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் தளத்தில் இறக்கினார். டயர்கள் வெடித்தன, 306 பேரும் பிழைத்தார்கள்.

எனக்கு வாய்த்த விமானி அந்த விளக்கை நம்பினார். அவரை வைததை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறன்று வருகிறேன், வெள்ளிக் குத்துவிளக்கு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அதற்குள் ஒன்றை யோசித்து வை: குறிப்பு கிடைக்கவில்லை, விமானத்தை அனுப்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது, குழாய் பார்வைக்குப் பொருந்திவிட்டது என்றால், நீ கையெழுத்துப் போட்டிருப்பாயா? கம்ப்ரசர் விவகாரத்தை மறந்துவிட்டுப் பதில் சொல்லாதே.

அன்புடன்,
ராமநாதன்