முகவர் பதிவு யார் யாருக்கு? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் மனை, வீடு விற்பனை முகவராகத் தொழில் செய்து வருகிறேன்; தங்கள் ஆணையத்தில் பதிவும் பெற்றிருக்கிறேன். இத்தொழிலில் யாருக்குப் பதிவு கட்டாயம், யாருக்குத் தேவையில்லை என்பதை ஆணையமே எளிய தமிழில், எடுத்துக்காட்டுகளோடு ஒரு சுற்றறிக்கையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையன்று ஏதேனும் ஒரு புது லேஅவுட்டுக்குச் சென்று பார்த்தால் நிலைமை விளங்கும். பந்தலுக்கடியில் பிளானை விரித்து வைத்து, புக்கிங் ஆன மனைகளைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களின் விசிட்டிங் கார்டில் ‘ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) அப்ரூவ்டு’ என்ற பொருளில் ‘ரெரா அப்ரூவ்டு’ என்ற வரியும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் நடுவே ‘லேஅவுட்’ என்றிருந்தால் அது மனைத்திட்டத்தின் பதிவு எண். முகவரின் எண்ணில் ‘ஏஜென்ட்’ என்று இருக்க வேண்டும். வாங்க வந்தவருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. கார்டை நீட்டுபவருக்கே பல நேரம் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டத்தின் 2ஆவது பிரிவு முகவர் என்பவருக்குத் தரும் விளக்கம் மிகப் பரந்தது. எந்த ஊடகத்தின் வழியாகவேனும் வாங்குபவரையும் விற்பவரையும் பேச்சுவார்த்தைக்காக அறிமுகப்படுத்திவைத்து, அதற்குக் கமிஷனாகவோ வேறு வகையிலோ பணம் பெறுபவரும் அதில் அடங்குவார். அப்படியானால், கட்டணம் வாங்கிக்கொண்டு யூடியூபில் மனையைச் சுற்றிக்காட்டி, தம் கைப்பேசி எண்ணையே தொடர்புக்குத் தருபவர் முகவரா, வெறும் விளம்பரம் செய்பவரா? பதிவு பெற்ற ஒருவரின் எண்ணைச் சொல்லிக்கொண்டு அவருக்குக் கீழே கமிஷனுக்கு ஓடும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிய வேண்டுமா? பதிவின்றி விற்பனைக்குத் துணைபோனால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு என்கிறது 62ஆவது பிரிவு. அவ்வளவு கடுமையான விதி தமக்குப் பொருந்துமா என்று அறியாமலே பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள்.

முதலீட்டாளர்களின் நிலை இன்னும் குழப்பமானது. நான்கைந்து பேர் பணம் சேர்த்து, ஒரே லேஅவுட்டில் பத்து மனைகளை மொத்த விலைக்கு அக்ரிமென்ட் போட்டு, பத்திரம் முடிக்காமலே அடுத்தவர் பெயருக்குக் கைமாற்றி லாபம் பார்க்கிறார்கள். கேட்டால், ‘எங்கள் மனையை நாங்கள் விற்கிறோம், எதற்குப் பதிவு?’ என்கிறார்கள். ஒருவர் ஒரு மனையை விற்கும்போது அந்த வாதம் சரி. அதையே பிழைப்பாகச் செய்பவருக்கும் அது பொருந்துமா என்பதை ஆணையம் சொல்ல வேண்டும். நில உரிமையாளரிடம் பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) வாங்கி மனை பிரித்து விற்பவரைப் பொறுத்தவரை சட்டத்திலேயே விடை இருக்கிறது: அவர் முகவர் அல்லர், மேம்பாட்டாளர் (புரமோட்டர்), அதாவது திட்டத்தை உருவாக்கி விற்பவர். ஆயினும் எங்கள் பகுதியில் அவரைப் ‘பவர் ஏஜென்ட்’ என்றே அழைப்பதால், முகவர் பதிவு ஒன்று இருந்தால் போதும் என்று அவரும் நம்புகிறார், மற்றவர்களும் நம்புகிறார்கள்.

மறுவிற்பனையைப் பற்றியும் ஒரு சொல். மேம்பாட்டாளர் விற்கும், பதிவுக்குட்பட்ட திட்டங்களுக்கு மட்டுமே, முகவர் பதிவைக் கட்டாயமாக்கும் 9ஆவது பிரிவு பொருந்துகிறது. பழைய அடுக்குமாடி வீட்டையோ வாடகை வீட்டையோ விவசாய நிலத்தையோ முடித்துத் தரும் தரகருக்கு அந்தப் பிரிவின்படி பதிவு தேவைப்படாது. ஆனால் அட்வான்ஸ் தொகை கைமாறிய பிறகு வில்லங்கம் தெரியவரும் வழக்குகளை நான் அதிகம் பார்ப்பது அங்கேதான். இது ஆணையம் தானாக நிரப்பக்கூடிய இடைவெளி அன்று. ஆனால் அரசுக்குப் பரிந்துரை செய்ய 32ஆவது பிரிவு இடம் தருகிறது.

மகாராஷ்டிர ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. தேர்வை நான் மறுக்கவில்லை. எனினும் மேற்சொன்ன ஐயங்களுக்கு ஆணையத்தின் எழுத்துப்பூர்வமான பதில் முதலில் வர வேண்டும். முகவர்களுக்கும் மேம்பாட்டாளர்களுக்கும் உத்தரவிட 37ஆவது பிரிவு தங்களுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அதன்கீழ், விற்பனை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் அங்கே வேலை செய்யும் முகவர்களின் பெயரையும் பதிவு எண்ணையும் தமிழில் பலகையாக வைக்குமாறு மேம்பாட்டாளர்களுக்கு உத்தரவிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற முகவர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்